பன்றி படம் போட்ட ஜேர்சி

திகதிகளை நன்றாக நினைவில் வைத்திருப்பவரை நம்பி உடுப்புகளை ஒப்படைக்கக் கூடாது. என்னை வைத்துத்தான் சொல்கிறேன். எங்கள் யாழ்ப்பாணத்துக் கல்லூரியின் உதைபந்தாட்ட அணி போன நூற்றாண்டு பிறந்த புதிதில் எந்தக் கிழமை யாரிடம் தோற்றது என்று நித்திரையிலும் சொல்லுவேன். (இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.) பந்து உதைக்கத்தான் வராது.

1986இல் அந்தக் கல்லூரியின் பழைய மாணவர்கள் சிலர் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில், அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராமல் காத்திருந்தோம். ஓர் அணி சேர்த்தோம். உள்ளூர் லீக்கின் ஆகக் கடைசிப் பிரிவில் இடம் தந்தார்கள். எனக்குக் கிடைத்த பதவி வரலாற்றாசிரியர். ஜேர்சி தோய்ப்பதும் அதனுடன் ஒட்டிக்கொண்டு வந்தது.

பருவம் முழுக்கத் தோல்வி. அதைவிடப் பெரிய தலையிடி ஞாயிற்றுக்கிழமை. பாதிப்பேருக்கு உணவகக் குசினிகளில் வேலை. ஆள் சேராமல் இரண்டு ஆட்டங்களுக்குப் போகவே இல்லை. இன்னொரு முறை வராவிட்டால் அணியை நீக்குவோம் என்று சொல்லிவிட்டார்கள். கிழமை முழுக்கப் பாத்திரம் கழுவும் எங்கள் பெடியளை யாராவது பெயர் சொல்லிக் கூப்பிடுவதே அந்த மைதானத்தில்தான். ஆகவே கடைசி ஆட்டத்துக்கு எல்லோரும் முதலாளிமாரிடம் கெஞ்சி லீவு வாங்கியிருந்தார்கள்.

நான் இருந்த தொடர்மாடியில் நிலவறையில்தான் பொதுவான தோய்க்கும் அறை. முறை வைத்துத்தான் தோய்க்கலாம். முறை முடிந்ததும் அறையைப் பூட்டி, திறப்பை அடுத்தவரிடம் கொடுத்துவிட வேண்டும். என் முறை சனிக்கிழமை மாலை ஆறு மணியோடு முடிந்தது. ஆறு அடிக்கும்போதே நான் அடுத்த முறைக்காரி, மேல்மாடி ஃப்ராவ் பவுமனின் கதவடியில் திறப்போடு நின்றேன். "எவ்வளவு ஒழுங்கான மனிதர்!" என்றார் அவர். ஒரு சுவிஸ்காரியின் வாயால் அப்படி ஒரு சொல்! மிதந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன். ஜேர்சிகள் பூட்டிய அறைக்குள் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தன.

ஞாயிறு காலை அணித்தலைவர் சிவநேசன் அண்ணை பெடியளோடு வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. மேலே ஓடினேன். ஃப்ராவ் பவுமன் விடியவே மலையேறப் போய்விட்டாராம். எல்லோரும் நிலவறை யன்னலால் எட்டிப் பார்த்தோம். பதினொரு ஜேர்சிகளும் கைகளைத் தொங்கப்போட்டபடி, ஏற்கெனவே தோற்றுவிட்ட அணியைப் போல நின்றன.

"யன்னலை உடைப்பமோ அண்ணை?" என்றான் கோல் காக்கும் ராசன்.

"உடை. அகதி விசாரணையிலை கேட்டா, ஜேர்சி எடுக்கத்தான் வந்தனாங்கள் எண்டு சொல்லு," என்றார் சிவநேசன் அண்ணை.

வெறுங்கையோடு ரயில் ஏறினோம். சமாதானப்படுத்த நினைத்து நான் வாயைத் திறந்தேன். "எங்கடை கல்லூரியின்ரை முதல் அணி ஜேர்சி இல்லாமத்தான் விளையாடினது, தெரியுமோ?"

"அவையிட்டை ஜேர்சி இருக்கேல்லை," என்றார் சிவநேசன் அண்ணை. "எங்களிட்டை இருந்தது. நீ பூட்டி வைச்சிட்டாய்."

எதிரணி ஒரு கிராமத்து அணி. அதன் தலைவர் ரூடி இறைச்சிக்கடைக்காரர். ஒரே மாதிரி ஜேர்சி இல்லாவிட்டால் ஆட்டமில்லை என்று நடுவர் கைவிரித்தபோது, ரூடி பேசாமல் இருந்திருந்தால் வெற்றி அவருக்கு. அவரோ நான் கைச்சாடையில் சொன்ன கதையைக் கேட்டு வயிற்றைப் பிடித்துச் சிரித்தார். பிறகு கடைக்கு ஓடிப்போய்த் தங்கள் பழைய ஜேர்சிகளை அள்ளிக்கொண்டு வந்தார். ஒவ்வொன்றின் நெஞ்சிலும் கடை விளம்பரம்: கத்தியும் முள்ளுக்கரண்டியும் பிடித்து, தன்னைத் தானே தின்னப் போகும் சந்தோஷத்தில் சிரிக்கும் ஒரு கொழுத்த பன்றி.

எல்லோரும் சிவநேசன் அண்ணையைப் பார்த்தார்கள். பிறந்ததிலிருந்து முட்டைகூடத் தொடாதவர்.

"அண்ணை, போடுவியளோ?"

அவர் பன்றியைப் பார்த்தார். பெடியளைப் பார்த்தார். "வயித்துக்குள்ளையே போகுது? வயித்துக்கு மேலைதானே. தா இஞ்சை."

ஆறுக்கு ஒன்று என்று தோற்றோம். அந்த ஒன்று சிவநேசன் அண்ணையுடையது. பந்து அவர் நெஞ்சில், சரியாகப் பன்றியின் மூக்கில் பட்டு உள்ளே போனது. அந்தப் பருவத்தில் எங்கள் ஒரே கோல். எதிரணியின் ஊர்ச்சனம் எழுந்து கைதட்டியது. ஜேர்சிகளைத் திருப்பிக் கொடுத்தபோது ரூடி வாங்கவில்லை. "எங்கள் ஊரில் பன்றி அதிர்ஷ்டம். வைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்குத்தான் அதிகம் தேவை," என்றார். அணி நீக்கப்படவில்லை.

அன்று மாலை ஃப்ராவ் பவுமன் எங்கள் ஜேர்சிகளை அயர்ன் பண்ணி மடித்துக் கொண்டுவந்து மன்னிப்புக் கேட்டார். மன்னிப்புக் கேட்கவேண்டியவன் நான்தான் என்று சொல்லுமளவுக்கு என்னிடம் ஜெர்மன் இருக்கவில்லை. கைகூப்பினேன். அவரும் கூப்பினார்.

அடுத்த பருவம் முழுக்க வெளியூர் ஆட்டங்களுக்குப் பன்றியோடுதான் போனோம். பன்றி அணி என்ற பெயரும் நிலைத்துவிட்டது. சில வருடங்களுக்கு முன் என் மகளுக்குச் சம்பந்தம் பேசியபோது, மாப்பிள்ளை பகுதி பக்கத்து நகரான ஷாஃப்ஹவுசனில் ஒரு பழைய ஆளிடம் எங்களைப் பற்றி விசாரித்ததாம்.

"பெட்டையின்ரை தேப்பன் ஆள் எப்பிடி?"

"அவரோ? பண்டி ரீமுக்கு உடுப்புத் தோய்ச்சவர்."

"ஓ, பண்டி ரீமோ! அப்ப நல்ல ஆக்கள்தான். நாள் பாப்பம்."