கடலையும் கவர் பண்ணியாச்சு

ஊர் பார்க்கிறவர்களை உங்களுக்குத் தெரியும். ஊரைக் 'கவர் பண்ணுகிறவரை'த் தெரியுமோ? சன்னிவேல், குபெர்டினோ வட்டாரத்தில் சேர்ந்தாற்போல் மூன்று நாள் லீவு வந்துவிட்டால், வாடகை வேனும் புளிசாதமும் தோளில் வீடியோ கேமராவுமாக ஃப்ரீவேயில் ஏறிவிடுகிற இனம் அது. பார்ப்பதற்கெல்லாம் அதற்கு நேரமில்லை.

நம் நஞ்சுண்டனையே எடுத்துக்கொள்ளுங்கள். தொண்ணூற்றெட்டு ஜூலையில் அவருடைய மாமியார் பவளத்தம்மாள் பல்லடத்திலிருந்து வந்திருந்தார். டிஸ்னிலேண்ட், லாஸ் வேகஸ், பாலம், அருவி எல்லாவற்றையும் மாமியாருக்குக் கவர் பண்ணிக் கொடுத்தாயிற்று. அந்த அம்மாள் வாய்விட்டுக் கேட்டதோ ஒன்றே ஒன்றுதான்.

"கடல்ல ஒருக்கா காலு நனைக்கோணுங்க, மாப்ள. இதுவரைக்கும் நனைச்சதே இல்லீங்க."

திங்கட்கிழமை அவருக்கு ஃப்ளைட். முக்கால் மணி நேரத்தில் கடல் இருக்கிறது. போனாரா மனுஷர்? ஆறு மணி நேரம் வடக்கே வண்டியை விரட்டி, ஒரு காலத்தில் தங்கம் தோண்டிய கடலோர ஊர் ஒன்றில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"டூ இன் ஒன், அத்தை! கடலும் ஆச்சு, தங்கச் சுரங்கமும் ஆச்சு!"

"இருவத்திரண்டு கேரட்டுங்களா?" என்றார் பவளத்தம்மாள்.

பார்க்கிங்குக்குப் பின்னாலேயே, வெயிலில் பளபளவென்று கடல். அந்த அம்மாள் கொசுவத்தைத் தூக்கிச் செருகியேவிட்டார்.

"கடல் எங்க அத்தை போயிடப் போகுது? மியூசியம் அஞ்சு மணிக்கு மூடிடுவான். முதல்ல அதைக் கவர் பண்ணிடலாம்."

பிறகென்ன, சுரங்கக்காரன் குடிசை, சுரங்கக்காரன் கோடாரி, சுரங்கக்காரனைப் பூட்டி வைத்த ஜெயில், ஜெயிலைப் பற்றிய பித்தளைப் பலகை, அதற்குப் பக்கத்தில் மாமியார், மாமியாருக்குப் பக்கத்தில் மனைவி எழிலரசி என்று வரிசையாகப் படம் பிடித்தார். தட்டில் மணலை அலசித் தங்கம் தேடும் இடத்தில், அரிசி களைகிற பழக்கத்தில் பவளத்தம்மாள் சட்டென்று ஒரு மினுக்கைக் கண்டுபிடித்துவிட்டார்.

"அத்தை, அதை உள்ள போட்டுட்டு மறுபடி கண்டுபிடிங்க. ரெக்கார்ட் ஆகல!"

போட்டார். அப்புறம் அது கிடைக்கவேயில்லை.

வெளியே வந்தால் ஊரையே மூடுபனி விழுங்கியிருந்தது. கடலைக் காணோம். மணலைக் காணோம். எல்லாம் வெள்ளை.

"கடலையும் கவர் பண்ணீட்டாங்களாட்ட இருக்குதுங்களே, மாப்ள?" பவளத்தம்மாள் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே கேட்டார்.

எழிலரசிக்குத்தான் பொறுக்கவில்லை. "ஏனுங்க, எங்கம்மா தங்கமா கேட்டாங்க? உப்புத்தண்ணிதானே கேட்டாங்க! திங்கட்கிழமை ஊருக்குப் போறவங்க!"

"நாளைக்கு மார்னிங் ஒரு ஸ்லாட் போட்டுடலாம், அரசி..."

திரும்பிப் பார்த்தால் மாமியாரைக் காணோம். நஞ்சுண்டன் "அத்தை! அத்தை!" என்று பனிக்குள் கத்தினார். பதிலுக்கு ஒரு சிரிப்புச் சத்தம். முழங்கால் வரை சேலை சொட்டச் சொட்ட வந்து நின்றார் பவளத்தம்மாள்.

"அலைச் சத்தம் கேட்டுதுங்க. அதும்பின்னாலயே போயிட்டனுங்க. அடேங்கப்பா, என்ன சில்லுங்குது!"

எழிலரசிக்குக் கண் கலங்கிவிட்டது. நஞ்சுண்டனுக்கும்தான், வேறு காரணத்துக்காக. "ஐயோ, டேப்ல வரலையே! இன்னொருக்கா போய் நனைச்சுட்டு வந்துடுங்க அத்தை."

"எனக்குப் போதுமுங்க. நீங்க போயி நனைச்சுட்டு வாங்க மாப்ள. அதைக் குடுங்க, நான் புடிக்கறேன்" என்று கேமராவுக்குக் கை நீட்டினார்.

நஞ்சுண்டன் போகவில்லை. ஷூவுக்குள் மணல் போய்விடுமாம். கலங்கரை விளக்கம் வேறு பாக்கி.

சிரிக்கிறீர்களா? சரி. போன லீவுக்கு நீங்கள் போன ஊரில் தண்ணீர் சில்லென்று இருந்ததா, வெதுவெதுப்பாக இருந்ததா? ஆல்பத்தை எடுக்காமல் சொல்லுங்கள் பார்ப்போம்.