அட்டை போட்ட இரண்டு நோட்டுகள்

மின்விசிறியை நிறுத்தச் சொன்னவர் குமாஸ்தா கண்ணுசாமிதான். மேஜையின் ஒரு பக்கத்துக்கு மட்டும் காற்று கூடுதலாக வந்தால் போட்டி நியாயமாகாதாம். சித்திரை வெயிலில் நாகல் நகர் வாசகசாலை வெந்துகொண்டிருந்தது.

அமெரிக்காவிலும் ரஷ்யாவிலும் கம்ப்யூட்டர்கள் தந்தி மூலம் செஸ் ஆடுவதாகப் பத்திரிகையில் படித்ததிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கம்ப்யூட்டர் என்ன பெரிய கம்ப்யூட்டர்? ஒன்பது வருடமாக அவர் ஒரு நோட்டில் எழுதி வந்ததும் அதுதானே? எதிரி இதை நகர்த்தினால் நீ அதை நகர்த்து. படித்தபடி செய்தால் செஸ் தெரியாதவனும் ஜெயிப்பான். மனைவி ஜக்கம்மாளின் முகத்தைவிட அந்த நோட்டைத்தான் அவர் அதிகம் பார்த்திருக்கிறார்.

தோல் மண்டி அப்துல் வாஹித்தும் அப்படியொரு நோட்டு வைத்திருந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. ஜெயித்த நோட்டு மாஸ்கோ கம்ப்யூட்டர்காரர்களுக்கு, தோற்றது அடுப்புக்கு என்று நிபந்தனை போட்டார். இரண்டுக்குமே நகல் கிடையாது. மாஸ்கோவில் யார் தமிழ் படிப்பார்கள் என்று கேட்டவர்களை அவர் மனிதராகவே மதிக்கவில்லை.

முதல் ஞாயிறு அவரவர் நோட்டை அவரவரே பார்த்து ஆடினார்கள்.

"பாய், நோட்டப் பாக்காம நீங்களா யோசிக்கிறீக."

"நீங்க மட்டும் என்னவாம்? அரை மணி நேரமா ஒரே பக்கத்தப் பாத்துக்கிட்டு இருக்கீக."

அதனால் செஸ் தெரியாத இருவரைப் பிடித்தார் கண்ணுசாமி: டைப்ரைட்டிங் டீச்சர் ஆனந்தமேரி, தபால்காரர் சடையாண்டி. இரண்டாம் ஞாயிறு, சடையாண்டி ஒவ்வொரு காய்க்கும் கண்ணுசாமியின் முகத்தைப் பார்த்தார்.

"கண்ஜாடை காட்டுறீக," என்றார் வாஹித்.

கண்ணுசாமி விடுவாரா? இனி சொந்தக்காரர்கள் வெளியே வராந்தாவில்தான் உட்கார வேண்டும். எது யாருடையது என்று ஆடுகிறவர்களுக்குத் தெரியவே கூடாது. இரண்டு நோட்டுக்கும் ஒரே மாதிரி பழுப்பு அட்டை போட்டு, வாசகசாலையைப் பார்த்துக்கொள்ளும் அப்துல் சுக்கூர் கலைத்துக் கொடுக்க வேண்டும்.

இன்று மூன்றாம் ஞாயிறு. விசிறி நின்றதும் சடையாண்டியின் வியர்வையில் இரண்டு பக்கங்கள் ஒட்டிக்கொண்டன. நேரம் பார்க்க வைத்த அலாரம் அலறியதில் அவர் கைபட்டு ராஜா, ராணி எல்லாம் தரையில் உருண்டன. முதலிலிருந்து ஆடினார்கள். நாலு மணிக்கு, "சடையாண்டி கெலிச்சுட்டாரு," என்று சுக்கூர் வாசலுக்கு வந்து சொன்னார்.

"அட்டையப் பிரிச்சுப் பாத்துருவோம்," என்றார் வாஹித்.

"எதுக்கு பாய்? பாத்தா மனசு எளகும். கெலிச்சது எதுன்னு சின்னப்புள்ளைக்கும் தெரியுமே."

ஆனந்தமேரியிடமிருந்த நோட்டை வாங்கிக்கொண்டு கண்ணுசாமி பக்கத்து டீக்கடைக்குப் போனார். தன் கையாலேயே அடுப்புக்குள் திணித்தார். முழுக்கச் சாம்பலாகும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார். வாஹித் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருடைய நோட்டும் பத்து வருட உழைப்பு.

"விடுங்க பாய். மூளை எல்லாருக்கும் ஒண்ணுபோல அமையாது," என்று கண்ணுசாமி பெருந்தன்மையாகத் தேற்றினார்.

கைப்பையோடு கிளம்பிய ஆனந்தமேரி நின்றாள்.

"சார், ஒரு சந்தேகம். எரிஞ்ச நோட்டோட கடைசிப் பக்கத்துல 'ஜக்கம்மாளுக்குச் சின்னாளப்பட்டிச் சேலை ரெண்டு வாங்கணும்'னு எழுதியிருந்துச்சு. பாய் வீட்டுல ஜக்கம்மாள்னு யாரு இருக்காக?"