சிங்கங்களுக்கான சைக்கிள் பாதை

கரும்பு வளரும் என்பது மொரீஷியஸில் பிறந்த கைக்குழந்தைக்கும் தெரியும். எனக்கு இருபத்து நான்கு வயதில்தான் தெரிந்தது. அதுவும் என் கல்யாணம் நிச்சயம் ஆகவேண்டிய நாளில்.

எங்கள் ஊரான ரோஸ் ஹில்லிலிருந்து ரோஸ் பெல்லுக்கு ரயில் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. நான் போர்ட் லூயியில் அரசாங்கக் குமாஸ்தா. எங்கள் ஊர் சைக்கிள் சங்கத்துக்குச் செயலாளரும் நானே. (சங்கத்தில் மொத்தம் ஆறு பேர். அதில் ஒருவருக்குச் சைக்கிள் கிடையாது.) ஒரு நாள் அலுவலகத் தோழன் ரெமி ஒரு பிரெஞ்சுப் பத்திரிகை கொண்டுவந்தான். ரெமியின் கொள்ளுத்தாத்தா பாண்டிச்சேரித் தச்சர். ரெமிக்குத் தெரிந்த தமிழ் 'ரசம்' என்ற ஒரே வார்த்தை.

பத்திரிகையில் ஸ்பெயின் நாட்டுக் கிராமப்புறச் சாலைகளைப் பற்றி எழுதியிருந்தார்கள். சைக்கிள்காரர்களின் திறமைக்குத் தக்கபடி பாதைகளை மூன்றாகப் பிரித்திருந்தார்கள்: புதியவர்களுக்கு, பழகியவர்களுக்கு, சிங்கங்களுக்கு. இந்த ஒலிவத் தோப்பில் இடதுபக்கம் திரும்பு, அந்த மணிக்கூண்டை வலதுகைப் பக்கம் வைத்துக்கொள் என்று வழியும் சொல்லியிருந்தார்கள். படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்பெயினுக்கு இருக்கிற யோக்கியதை நம் தெற்குப் பக்கத்துக்கு இல்லையா என்று ரோஷம் வந்துவிட்டது.

டிசம்பரில், கரும்பு வெட்டு முடிந்த கையோடு, ரோஸ் பெல்லிலிருந்து தெற்குக் கடலோர ஊரான சுரினாம் வரை தோட்டப் பாதைகளில் அலைந்து நானும் மூன்று பாதைகள் வகுத்தேன். வயல்கள் மொட்டையடித்துக் கிடந்தன. ஆலையின் புகைபோக்கி, வயல் நடுவே குவித்துவைத்த கருங்கற்கள், தூரத்தில் கடல் எல்லாம் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தன. "புகைபோக்கியை இடதுகைப் பக்கம் வைத்துக்கொள், மூன்றாவது கற்குவியலில் திரும்பு, கடலைப் பார்த்து இறங்கு" என்று தட்டச்சு செய்து சங்க முத்திரையும் குத்தினேன்.

அடுத்த மே மாதம் எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பெண் சுரினாமில் ஒரு பள்ளித் தலைமையாசிரியரின் மகள், பெயர் தெய்வானை. அதே ஊரில் இருந்த என் பெரியம்மா பேசி முடித்த இடம். நான் பார்த்தது ஒரு ஸ்டூடியோப் படத்தை மட்டும். அதில் அவள் சிரிக்கவில்லை, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். அந்தப் படத்தை அலுவலக மேசை இழுப்பறையில் வைத்து நான் திறந்து திறந்து மூடியதில் இழுப்பறையின் கைப்பிடி கழன்றது. கட்டினால் இவளைத்தான் என்று தீர்மானித்துவிட்டேன்.

சிக்கல் அவள் அப்பாதான். ஞாயிற்றுக்கிழமை, பகல் பன்னிரண்டுக்கு எமகண்டம் தொடங்குவதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார். எனக்கு முன்னால் வந்த ஒரு மாப்பிள்ளை காரில் தாமதமாக வந்து இறங்க, வாசலிலேயே காபி கொடுத்துத் திருப்பியனுப்பிய மனிதர் அவர். ஒரு நிமிஷம் தப்பினாலும் எனக்கும் வாசல் காபிதான் என்று பெரியம்மா எச்சரித்திருந்தார்.

புத்தியுள்ளவன் என்ன செய்வான்? பஸ்ஸில் போவான். நான் எல்லாரையும் சைக்கிளில் கிளப்பினேன்.

சுங்க இலாகாவில் வேலை பார்த்த அப்பாவும், தாய்மாமாவும் புதியவர்கள் பாதை. என் இரண்டு சித்தப்பா பிள்ளைகள் பழகியவர்கள் பாதை. நானும் ரெமியும் சிங்கங்கள். சைக்கிள்களோடு ரோஸ் பெல் வரை ரயில், அங்கிருந்து ஆளுக்கொரு வழி, சுரினாமில் கம்பீரமாகச் சங்கமம். முதல்நாளே பஸ்ஸில் கிளம்பிய அம்மா, தட்டுச் சாமான்களைத் தானே கொண்டுபோவதாகச் சொன்னாள். நான் விடவில்லை. சுமையையும் திறமைக்குத் தக்கபடி பிரிக்க வேண்டும் என்பது பத்திரிகைச் சட்டம். அப்பாவுக்கு வெற்றிலை பாக்கு, தம்பிகளுக்குப் பழமும் பூவும், சிங்கத்துக்குத் தேங்காயும் புடவையும். யாராவது ஒருவர் வராவிட்டாலும் தட்டு நிறையாது என்பது என் மூளைக்கு எட்டவில்லை.

ரோஸ் பெல் ஸ்டேஷனில் முத்திரை குத்திய தாள்களைக் கொடுத்தேன். அப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் படித்தார். (எங்கள் வீட்டுப் பேச்சு கிரியோல் என்ற பிரெஞ்சுக் கலப்பு மொழி. பின்னாளில் குமாஸ்தா வேலையை விட்டுத் தமிழாசிரியரான பாவத்துக்கு எல்லாரையும் தமிழில் பேசவைக்கிறேன்.)

"மெயின் ரோடு நேரா அங்கதானே போகுது? அதுல போனா என்ன?"

ஸ்பெயினில் யாரும் மெயின் ரோட்டில் போவதில்லை என்று விளக்கினேன்.

"அங்க பொண்ணு பார்க்கப் போறப்ப அப்படிப் போயிக்கலாம்" என்றார் அப்பா. ஆனாலும் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

தோட்டப் பாதைக்குள் நுழைந்த சிறிது நேரத்தில் ரெமி பிரேக் பிடித்தான். "கொத் செமினே?" என்றான். (புகைபோக்கி எங்கே?)

புகைபோக்கி இல்லை. கற்குவியல் இல்லை. கடலும் இல்லை. டிசம்பரில் கணுக்கால் உயரத்துக்குத் துளிர்த்திருந்த கரும்பு இப்போது என்னைவிட இரண்டு மடங்கு உயரத்தில் பூத்து நின்றது. இரண்டு பக்கமும் பச்சைச் சுவர், மேலே ஒரு கீற்று வானம். போதாக்குறைக்கு ஆலை இன்னும் அரவையைத் தொடங்கவில்லை, அடையாளத்துக்குப் புகையும் கிடையாது. ஒலிவ மரம் டிசம்பரிலும் மே மாதத்திலும் ஒரே உயரம் என்பதைப் பத்திரிகைக்காரர்கள் ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

குறுக்குப் பாதை ஒவ்வொன்றும் முந்தையதைப் போலவே இருந்தது. இதில் சிங்கத்துக்கும் புதியவருக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. வழி பார்க்க ஆளுக்கொரு பக்கம் பிரிவோம், மணியடித்துத் தொடர்பில் இருப்போம் என்று நான்தான் யோசனை சொன்னேன். ரெமியின் மணி வலதுபக்கம் கேட்டது. அதை நோக்கிப் போனேன். என் மணியைக் கேட்டு அவன் என்னை நோக்கி வந்தான். ஒரே கரும்பு வயலை இருவரும் துரத்திப் பிடிக்கிற மாதிரி சுற்றிக்கொண்டிருந்தோம் என்று பிற்பாடுதான் புரிந்தது. பிறகு அவன் மணி நின்றுவிட்டது. வழி கேட்க ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை யார் கரும்புக்குள் இருப்பார்கள்? சிங்கம் மட்டும்தான் இருந்தது.

அவசரத்தில் மிதித்தேன். தேடும்போதெல்லாம் கண்ணில் படாத ஒரு கற்குவியல், சக்கரத்துக்கு நேராக வந்து நின்றது. நான் செம்மண்ணில், சைக்கிள் என்மேல், தேங்காய் இரண்டு துண்டாகக் கரும்புக்குள். புடவை மட்டும் ரப்பர் உறைக்குள் பிழைத்தது. உடைந்த தேங்காயை எந்தத் தட்டில் வைப்பது? அந்த இடத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். இழுப்பறைப் படத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டி வருமே என்று நினைத்துத்தான் அழுதேன்.

கடைசியில் எந்தப் பக்கம் சரிவோ அந்தப் பக்கம் சைக்கிளைத் தள்ளினேன். எங்கள் தீவில் சரிவெல்லாம் கடலுக்குத்தான் போகும். கரும்பு திடீரென்று முடிந்து, யாரோ ஒருவர் வீட்டுப் பின்கட்டில் நின்றேன். கிணற்றடியில் ஒரு பெண், முகம் முழுக்க மஞ்சள் பூசி, தலையில் துண்டு கட்டி, என்னையே பார்த்தாள். வெள்ளைக் கால்சட்டை செக்கச்சிவந்து, கழுத்தில் டையோடு நின்ற என்னைப் பார்த்தும் அவள் கத்தவில்லை. தலைமையாசிரியர் வீட்டுக்கு வழி கேட்டேன்.

"எதுக்கு?" என்றாள்.

அறிமுகமில்லாதவளிடம் வெட்கம் என்ன? எல்லாவற்றையும் கொட்டினேன்: ஸ்பெயின், மூன்று பாதை, மணி, தேங்காய், படம், அந்த அடக்கிய சிரிப்பு. எமகண்டத்துக்கு இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது, போய் டயர் பஞ்சர் என்று சொல்லப்போகிறேன் என்றும் சொன்னேன்.

"அப்படிச் சொல்லாதீங்க. போன தடவை வந்தவரும் பஞ்சர்னுதான் சொன்னாரு" என்றாள் அவள்.

உள்ளே போனவள் குடுமி வைத்த ஒரு தேங்காயோடு வந்தாள். அதை என் கையில் கொடுத்து, "இந்தச் சந்துல போயி, மெயின் ரோட்டுல ரெண்டு தடவை இடது பக்கம் திரும்புங்க. இதுதான் புதியவர்கள் பாதை" என்றாள். எவ்வளவு நல்ல பெண், யார் பெற்ற பிள்ளையோ என்று வாழ்த்திக்கொண்டே ஓடினேன்.

இரண்டாவது தடவை திரும்பியதும் வாழைமரம் கட்டிய வாசல் வந்தது. உள்ளே அப்பாவும் மாமாவும் காபி குடித்து முடித்திருந்தார்கள். சித்தப்பா பிள்ளைகள் வேட்டியே மாற்றிவிட்டார்கள். நான்கு பேரும் ஆரம்பத்திலிருந்து மெயின் ரோட்டிலேயே வந்திருக்கிறார்கள். தாழ்வாரத்தில் விரித்த வாழையிலையில் ரெமி எங்கள் தீவு விருந்தின் ஏழு கறிகளில் மூன்றை முடித்திருந்தான். (எங்கேயோ பஸ் சத்தம் கேட்டதாம். மணியை விட்டுவிட்டு அதன் பின்னாலேயே போய்விட்டானாம்.) என் பாதையில் போனவன் நான் ஒருவன்தான்.

சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு ஆகவில்லை. புடவையைத் தட்டில் வைத்து, மேலே தேங்காயை நிறுத்தினேன். அதே சமயம் உள்ளேயிருந்து பெண்ணின் அம்மா, தாம் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்த தேங்காயைக் காணவில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தார். வந்தவர் என் தட்டைப் பார்த்து நின்றுவிட்டார். அப்போதுதான் நானும் பார்த்தேன். என் தேங்காயில் மஞ்சள், குங்குமம் எல்லாம் இருந்தன.

தலைமையாசிரியர் தேங்காயைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், என் கால்சட்டையையும் பார்த்தார். எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டார். பஞ்சர் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

"உங்க வீட்டுப் பின்கட்டுல, ஐயா."

உள்ளறைக் கதவோரம் ஒரு பெண் நின்றிருந்தாள். முகம் கழுவியிருந்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

தலைமையாசிரியர் திரும்பி மகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு என் அப்பாவிடம் சொன்னார்: "தேங்காய் நேரத்துக்கு வந்துருச்சு. கூடவே மாப்பிள்ளையும் வந்திருக்காரு. உட்காருங்க, தட்டை மாத்துவோம்."

பெண் வீட்டுத் தேங்காயைப் பெண் வீட்டுக்கே கொடுத்துக் கல்யாணம் முடித்தவன் என்று என்னை இன்றுவரை எங்கள் குடும்பத்தில் ஒவ்வொரு கல்யாணத்திலும் அறிமுகப்படுத்துகிறார்கள். அப்பா சாகும்வரை மடித்துவைத்த அந்தத் தாளைக் கேட்டவருக்கெல்லாம் எடுத்துக் காட்டினார். எனக்கு இப்போது சைக்கிள் இல்லை. முட்டியும் இல்லை என்றே சொல்லலாம். மாலையில் முனையில் இருக்கும் கடை வரை நடப்பதோடு சரி. தெய்வானை பதவிசாகச் செருப்பை எடுத்துவைப்பாள். ஆனால் கரும்பு பூத்துவிட்டால், நான் படி இறங்கும்போது உள்ளேயிருந்து அவள் குரல் வரும்.

"தேங்காய் எடுத்துக்கிட்டீங்களா?"