கரியரில் கட்டிய தலையணை

கனடாவின் ரொறொன்ரோ மாநகரத்தில் தடைக்கம்பத்தைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கி நடந்த ஒரே மனிதர் எங்கள் சென்றி அண்ணைதான். கார்த் தரிப்பிடத்துக் கம்பமோ, வீதி திருத்துகிறவர்கள் குறுக்கே வைத்த பலகையோ, எதுவானாலும் இறங்குவார். தொப்பியைக் கழற்றுவார். உருட்டிக்கொண்டு கடந்தபின்தான் ஏறுவார். ஊரில் படைக் காவலரணைச் சென்றி என்போம்; அதை அப்படித்தான் கடக்கவேண்டும்.

தொண்ணூறுகளில் பார்க்டேலில் ஒரே மாடிக்கட்டடத்தில் இருந்தோம். இலங்கையில் அவருடைய ஊர் ஒரு போர்க்காலக் கடவையை ஒட்டியது. ஒரு பக்கம் ஆமி, மறுபக்கம் இயக்கம். இரண்டுமே பாதை தன்னுடையது என்றன. நினைத்தால் திறக்கும், நினைத்தால் பூட்டும். கிட்ட வாகனம் விடமாட்டார்கள். கடந்து வருகிறவர்களை ஏற்ற வீட்டார் சைக்கிளோடு காத்து நிற்பதுதான் அந்த ஊர் வழக்கம்.

அவர் மனைவி, எங்களுக்கு அக்கா, இன்னும் ஊரில்தான்; அந்தக் கடவையில் பலதரம் திருப்பி அனுப்பப்பட்டவர். அண்ணை இங்கே தரையில்தான் படுப்பார். "ஒரு கட்டில் வாங்குங்கோவன் அண்ணை" என்றால், "அவ கடக்கட்டும், பிறகு பாப்பம்" என்பார்.

ஒரு கோடையில், அக்கா கொழும்பில் விமானம் ஏறிவிட்டதாகத் தொலைபேசி வந்தது.

"வாங்கோ அண்ணை, என்ரை காரிலை ஏர்போட்டுக்குப் போவம்."

"நீர் சூட்கேசுக்குக் காரைக் கொண்டு வாரும். அவவுக்குச் சைக்கிள் இருக்கு."

"உங்களுக்கென்ன விசரோ? ஹைவேயெல்லோ!"

"ஹைவேயிலை ஆர் போறது? உள்ரோட்டாலை போறன்."

சைக்கிளின் பின் கரியரில், அக்கா உட்கார, தலையணையைக் கட்டிக்கொண்டு விடியவே புறப்பட்டுவிட்டார். நான் போனபோது, காவலர் துரத்திவிட்டதில், சைக்கிளோடு வெளியே நின்று கண்ணாடியூடாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வருகைக் கதவு திறக்கும், மூடும். விமானத்துச் சனமெல்லாம் வெளியேறிற்று. அக்கா இல்லை. அண்ணை சைக்கிள் பெல்லைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பூட்டிப்போட்டாங்களோ?" என்றார் மெல்ல.

அப்போதுதான் தன்னைவிடப் பெரிய சூட்கேசைத் தள்ளிக்கொண்டு அக்கா வந்தார். அண்ணையைப் பார்த்தார். சைக்கிளைப் பார்த்தார்.

"இஞ்சையுமோ? கனடாவிலை உங்களுக்கொரு கார் கிடைக்கேல்லையே!"

"கார் பின்னாலை வருது. நீர் ஏறும்."

திட்டிக்கொண்டே சேலையை ஒதுக்கி ஏறினார்.

நான் சூட்கேசோடு காரில் பின்னால் ஊர்ந்தேன். தரிப்பிடத்து வாசலில் மஞ்சள் கம்பம். அண்ணை பிரேக் பிடிக்குமுன்பே அக்கா கரியரிலிருந்து குதித்துவிட்டார். ஆளுக்கொரு பக்கமாக, சைக்கிளை நடுவில் விட்டு, தலை குனிந்து நடந்தார்கள். கடந்தபின்தான் ஒருவரையொருவர் பார்த்தார்கள், வெடித்துச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்காமலே ஏறிப் போனார்கள்.

எனக்காகக் கம்பம் உயர்ந்தே நின்றது. பின்னால் ஹோர்ன்கள் கத்தின. அந்தத் தலையணை வளைவில் மறையும்வரை நான் காரை எடுக்கவில்லை.