வெள்ளிக்கிழமைப் பை

ஓட்டுநர் ராதிசாவ் பேருந்தின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து, சாமான்களையெல்லாம் இறக்கிக் கொடுத்து, கதவைச் சாத்தியும் விட்டார். ஒக்னென் நின்ற இடத்திலேயே நின்றான்.

"இந்த வாரம் உனக்குப் பை இல்ல தம்பி," என்றார் ஓட்டுநர். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

லெஸ்கோவாட்ஸிலிருந்து பெல்கிரேடுக்கு வெள்ளிக்கிழமைதோறும் அம்மாவின் பை அந்தப் பேருந்தில்தான் வரும். சுட்டுத் தோலுரித்த சிவப்புக் குடமிளகாய், அதையே அரைத்துக் கிளறிய அய்வார், புகைபோட்ட பன்றிக்கறி. அவன் மென்பொருள் எழுதும் வேலைக்கு வந்த நாளிலிருந்து ஒரு வாரம்கூடத் தவறியதில்லை.

ஏன் வரவில்லை என்று அவனுக்கு உடனே விளங்கிவிட்டது.

ஒக்னெனுக்கு எல்லாவற்றைப் பற்றியும் ஒரு கருத்து உண்டு. வாரம் ஒருமுறை இணையத்தில் எழுதுவான். லிஃப்டுக்குள் கண்ணாடி எதற்கு, நல்ல நிரல் ஏன் சின்னதாக இருக்கும், காப்பியை ஏன் நின்றுகொண்டு குடிக்கக் கூடாது. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு, உழைப்பினால் வரும் முதுகுவலி பற்றியும் எழுதுவான். அவன் அம்மா தெசாங்கா ஊறுகாய்த் தொழிற்சாலையில் மிளகாய்க்குக் காம்பு கிள்ளியே விரல்கள் கோணிப்போனவள். அவள் எதைப் பற்றியும் எழுதியதில்லை.

அந்த வாரம் அவன் எழுதியது இது: விரலால் தட்டினால் வாசலுக்குச் சோறு வருகிற காலத்தில் என் அம்மா இன்னும் டீசல் நாற்றத்தோடு மிளகாய் அனுப்புகிறாள்; பழைய நிரல் மாதிரி, யாருக்கும் தேவையில்லை, நிறுத்தத்தான் ஆளில்லை. அலுவலகத்தில் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

போன் செய்தான்.

"நீ எழுதினதக் கேட்டேன்டா," என்றாள் தெசாங்கா. "இனிமே பை அனுப்பல. உன் இஷ்டப்படியே ஆகட்டும்."

குரலில் கோபமே இல்லை. எவனோ வேலையற்றவன் போய் வத்திவைத்திருக்கிறான் என்று பல்லைக் கடித்தான்.

எழுதியதை அழித்தான். அம்மாவின் பைக்கு ஈடான கண்டுபிடிப்பு இதுவரை வரவில்லை, அது காலமெல்லாம் பேருந்தில் வந்துகொண்டே இருக்கட்டும் என்று உருகி உருகிப் புதிதாக எழுதினான். அலுவலகத்தில் யாரும் சிரிக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையும் பை வரவில்லை. மறுபடி போன் செய்தபோது அம்மாவின் குரல் இறங்கியிருந்தது.

"அப்ப உனக்குப் பைதான் வேணுமா?"

"ஆமாம்மா. பை போதும்மா, வேறென்ன."

அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

வெறும் சொல்லால் கேட்ட மன்னிப்பு எடுபடவில்லை என்று முடிவுகட்டினான். மிளகாய் சுடும் மின்னடுப்பு ஒன்றை வாங்கி ஊருக்கு அனுப்பினான். எங்கிருந்தும் போனிலேயே மூட்டலாம், அணைக்கலாம். அவன் சொன்னபடியே தெசாங்கா அதை மின்சாரத்தில் செருகி மேசைமேல் வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனாள். திரும்பி வந்து பார்த்து அசந்துபோகட்டும் என்று இவன் அலுவலகத்திலிருந்தே அடுப்பை மூட்டினான். அசந்துதான் போனாள். மேசை விரிப்பு பாதி எரிந்திருந்தது.

"நல்ல விரிப்புடா அது. ஆள் வந்தா போடுறது," என்று மட்டும் சொன்னாள். "போகட்டும் விடு. இந்தப் பெட்டிய வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?"

அன்று இரவு ஒக்னெனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தனக்கு இருக்கிற ஒரே சொந்தம் அவள். அவள் திட்டித் தீர்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

சனிக்கிழமை காலை ஊர் திரும்பும் அதே பேருந்தில் ஏறி, ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்தான். அம்மாவிடம் சொல்லவேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். எப்படிச் சொன்னாலும் அது இணையத்தில் எழுதுவது மாதிரியே இருந்தது. நீஷ் நகரம் தாண்டியதும் பொறுக்கமாட்டாமல், யாரிடமாவது கொட்டினால் போதும் என்று ராதிசாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். தான் எழுதிய ஈனத்தனம், அதை எவனோ அம்மாவிடம் வத்திவைத்தது, மனம் விட்டுப்போய்ப் பையை நிறுத்தியது, விரிப்பு எரிந்தது.

ராதிசாவ் வண்டியை மெல்ல ஓரங்கட்டினார். சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"எவனும் வத்திவைக்கல தம்பி, போன்ல இருக்கிற எழுத்து உங்கம்மா கண்ணுக்குத் தெரியவே தெரியாது. வெள்ளிக்கிழமையானா வண்டி கிளம்புறதுக்கு முன்னாடி நான்தான் வாசிச்சுக் காட்டுவேன். அந்த வாரம் நீ எழுதினத வாசிக்க எனக்கு வாய் வரல, 'இனிமே பை வேணாம்மா, நானே வந்து உன் கையால சாப்பிடுறேன்'னு எழுதியிருக்கான்னு சொல்லிட்டேன்."