பேனாவுக்குப் போட்ட ஊசி

என் மகளைத் திருமணம் செய்துகொண்டவரும், பேனா பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவருமான மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

இங்கு நான் நலம். தாங்கள் நலமா என்று கேட்பது கடிதத்துக்கு உரிய மரியாதை என்பதால் கேட்கிறேன். வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சென்ற மாதம் தாங்கள் பார்சலில் அனுப்பிய மைப்பேனாவும், அதற்குள் போடும் ஆறு மைக் கார்ட்ரிஜ்களும் வந்து சேர்ந்தன. பேனாவை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். இந்தக் கடிதம் பால்பாயிண்ட் பேனாவால் எழுதப்படுவதிலிருந்தே பாதிக் காரணம் தங்களுக்கு விளங்கியிருக்கும். மீதியை எழுதுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் கூடத்தில் நடந்தது தங்களுக்கு மறந்திருக்காது. "பேனாவுக்கு ஊசி போடுறவனுக்கா என் பொண்ணு? ரெண்டு பேரும் இந்த வாசப்படி ஏறக் கூடாது" என்று நான் சொன்னேன். முப்பத்திரண்டு வருடம் ஆஸ்பத்திரியில் மனிதர்களுக்கு ஊசி போட்டவன் என்கிற கோதாவில் சொன்னேன். தாங்கள் பதிலுக்குக் கத்தியிருந்தால் விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும். செருப்பை மாட்டிக்கொண்டே, "மாமா, 'வாங்க'ன்னு உங்க கையால எழுதி அனுப்புங்க, அன்னிக்கு வர்றோம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். என் மனைவி அன்று பிடித்துக்கொண்டவள்தான். "ஒரு வார்த்தைதானே, எழுதித் தொலைங்களேன்" என்று காலை காபியோடு ஒரு தடவை, விளக்கு அணைக்கும்போது ஒரு தடவை. எழுத நல்ல பேனா இல்லை என்று சொல்லி இரண்டு வருடத்தை ஓட்டினேன். தாங்கள் பேனாவை அனுப்பி அந்த வழியையும் அடைத்துவிட்டீர்கள்.

ஆறு கார்ட்ரிஜ்ஜும் ஒரே மாதத்தில் தீர்ந்துவிட்டன. எப்படித் தீர்ந்தன என்பது அவ்வளவு முக்கியமில்லை. குப்பைக்கூடையில் நாற்பத்தொரு தாள் கிடந்ததாகவும், எல்லாவற்றிலும் தேதியும் "அவர்களுக்கு" என்பதும் மட்டுமே இருந்ததாகவும் என் மனைவி சொல்லுவாள், நம்ப வேண்டாம், முப்பத்தெட்டுதான். தீர்ந்த பிறகு பெட்டிக்குள் தாங்கள் வைத்திருந்த சீட்டைப் படித்தேன். "மை தீர்ந்தால் ஊசியால் வீட்டிலேயே நிரப்பிக்கொள்ளலாம். உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை." இதில் குத்தல் இருக்கிறதா என்று இரண்டு நாள் யோசித்தேன். இருக்கிறது என்றே முடிவு செய்தேன். ஆனால் சவால் என்று வந்துவிட்டால் விடுகிற ஆள் நானில்லை.

மை பாட்டில் வாங்கி வந்தேன். சாப்பாட்டு மேஜையில் துணி விரித்து, தட்டில் பஞ்சு வைத்து, கையை முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவி, சிரிஞ்சில் மையை இழுத்தேன். அதுவரைக்கும் ஒரு குறையும் இல்லை. அப்புறம் என் கை என்னைக் கேட்காமலே சிரிஞ்சை நிமிர்த்திப் பிடித்து, விரலால் இரண்டு சுண்டு சுண்டி, காற்றுப் போவதற்காக லேசாக ஒரு அழுத்து அழுத்தியது. முப்பத்திரண்டு வருடத்தில் காற்றை வெளியேற்றாமல் ஒரு ஊசி நான் போட்டதில்லை. மை நேராக மேலே போனது. மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. மிச்சத்தை ஃபேன் பார்த்துக்கொண்டது: நான்கு சுவர், திரைச்சீலை, காலண்டர், என் மனைவியின் மூக்குக்கண்ணாடி. அவள் கண்ணாடியைக் கழற்றாமலே என்னைப் பார்த்து, "ஆரம்பிச்சாச்சா?" என்றாள்.

மறுநாள் ஃபேனை நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன். காற்றையும் பாட்டிலுக்குள்ளேயே விட்டேன், கவனிக்கவும். கார்ட்ரிஜ்ஜை இடது கையில் இறுக்கிப் பிடித்து, பழக்க தோஷத்தில் புஜத்தில் போடுகிற மாதிரி பக்கவாட்டில் சாய்வாகக் குத்திவிட்டேன். ஊசி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வந்துவிட்டது. பஞ்சை வைத்துத் தேய்த்துவிட்டேன். சாதாரணமாக நின்றுவிடும். நிற்கவில்லை. "அதுக்குத்தான் வாய் இருக்கே, வாய் வழியா விட வேண்டியதுதானே?" என்றாள் என் மனைவி. "எவனாவது வாயில ஊசி போடுவானாடி?" என்று கேட்டேன். நியாயமான கேள்விதான், ஆனாலும் அவள் தலையில் அடித்துக்கொண்டாள். இப்படி மூன்று கார்ட்ரிஜ் வீணாகிப் போயின.

நாலாவதை வாய் வழியாகவே நிரப்பினேன். அபாரமாக எழுதியது. ஊசியைச் சுற்றிச் சுற்றிக் குடைந்ததில் வாய் தளர்ந்துபோயிருக்கிறது என்பது எனக்கு எப்படித் தெரியும்? சட்டைப்பையில் குத்திக்கொண்டு ஓய்வூதிய அலுவலகத்துக்குக் கிளம்பிவிட்டேன். வருடத்துக்கு ஒரு முறை, நான் இன்னும் உயிரோடு இருக்கிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பையில் பேனாவுக்குப் பின்னாலேயே அந்தப் படிவமும் இருந்தது. கவுண்ட்டரில் இருந்த பெண் அதை விரித்துப் பார்த்தாள். அப்புறம் என் நெஞ்சைப் பார்த்தாள்.

"உயிரோட இருக்கீங்கன்னு இதுல எங்க சார் எழுதியிருக்கு?"

"அந்த நீலத்துக்கு அடியில இருக்கும்மா."

"அது தெரியலையே."

"நான்தான் எதிர்ல நிக்கிறேனே, அது தெரியுதில்ல?"

"நீங்க நிக்கிறது தெரியுது சார். ஆனா எழுத்துல வேணும். உங்க கையால."

இரண்டு வருடமாக வீட்டில் என் மனைவி போனை ஸ்பீக்கரில் போட்டு என் மகளோடு பேசும்போது, பக்கத்து அறையில் நின்று இருமுவேன். நான் இங்கேதான் இருக்கிறேன், கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் என்று அதற்கு அர்த்தம். அது அவளுக்குப் புரிந்திருக்கும் என்றே நினைத்திருந்தேன். அந்தப் பெண் வேறு படிவம் கொடுத்தாள், அவள் பேனாவையே வாங்கி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். லிஃப்டில் மேல்வீட்டு டெய்லர், "ஐயோ சார், நெஞ்சுல யார் குத்துனது?" என்றார். நானாகத்தான் என்று சொன்னேன்.

வீட்டுக்கு வந்து ஈரத்துணியோடு அறை அறையாகப் புள்ளிகளைத் துடைத்தேன். கூடத்தில் ஆரம்பித்துச் சமையலறை வரைக்கும் இருந்தது. என் மகளின் அறையில் மட்டும் ஒரு புள்ளி இல்லை. இரண்டு வருடமாக அந்தக் கதவைச் சாத்தியே வைத்திருக்கிறோம். வெள்ளைவெளேர் என்று அந்தச் சுவரைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. வயதானால் கண்ணில் நீர் கோப்பது சகஜம், பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆகவே, இந்தப் பேனா எனக்குச் சரிப்பட்டு வராது. வேறு யாருக்காவது கொடுத்து அவர்கள் வீட்டுச் சுவரைப் பாழாக்கிக்கொள்ளவும். என் மகளை வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல்லவும். தங்களுக்கும் தங்கள் கடைக்கும், இடைஞ்சல் எதுவும் வராமல் இருக்க என் ஆசிகள். கடையைப் பற்றி அன்றைக்குச் சொன்னது அன்றைக்குச் சொன்னது.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஊசிக்காரன்

பி.கு.: உறையை ஒட்டப் போன நேரத்தில் உங்க அத்தை வந்து, மிச்சமிருந்த கார்ட்ரிஜ் ஒன்றைக் கையில் எடுத்து, கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிற ட்ராப்பரால் மையை நிரப்பிக் கொடுத்துவிட்டாள். அரை நிமிஷம். ஒரு சொட்டு சிந்தவில்லை. "இப்ப என்ன சாக்கு சொல்லப் போறீங்க?" என்று கேட்டுவிட்டு எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள். இந்த வரிகள் நீலத்தில் இருப்பது அதனால்தான். பேனாவைத் திருப்பி அனுப்பவில்லை. முதல் வரியில் இருக்கிற பட்டங்களையெல்லாம் அடித்துவிட்டு, 'மாப்பிள்ளைக்கு' என்று படித்துக்கொள்ளவும்.

வாங்க. ரெண்டு பேரும்.

வரும்போது உங்க ஊசியை எடுத்துக்கிட்டு வாங்க. எனக்குப் போடத் தெரியலை.