சிவப்பு மாத்திரையும் ஆடும் மேசையும்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டி முப்பது வருடம் தாக்குப்பிடித்த தச்சன் எழுதிக்கொள்வது. இங்கே நலம் என்று எழுத ஆசைதான், என் வயிறு சம்மதிக்கவில்லை. அங்கே நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள், மாத்திரையை என்னிடம் தள்ளிவிட்டீர்களே!

போன மாதம் வந்தபோது என் முழங்காலைப் பார்த்து இரக்கப்பட்டு, "இதப் போடுங்க மச்சான், நாளைக்கே ஓடுவீங்க" என்று உங்கள் முதுகுவலிக்கான சிவப்பு மாத்திரையை ஒரு கவரில் போட்டுக் கொடுத்தீர்கள். ஓடினேன், மறுக்கவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு அலமாரியையே செய்து முடித்தேன். அந்தக் குஷியில் காலையில் வெறும் வயிற்றில் ஒன்று, மாலையில் ஒன்று, வானம் மூடினால் கூடுதலாக ஒன்று என்று போட்டதில் வயிறு எரிய ஆரம்பித்து, குழம்பில் காரம் அதிகம் என்று உங்கள் தங்கையை நான் திட்டி, அவள் மூன்று நாள் பேசாமல் இருந்து, நாலாம் நாள் கழிப்பறையில் எனக்குத் தார் மாதிரி கறுப்பாகப் போய், வெளியே வந்ததும் தலைசுற்றி அந்தப் புது அலமாரிமேலேயே விழுந்தேன். கதவு இரண்டும் போச்சு.

ஆஸ்பத்திரியில் வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்த டாக்டரம்மா, "வயித்துல புண்ணு, ரத்தம் கசியுது. வலி மாத்திரையோட வயித்தைக் காக்குற மாத்திரை போட்டீங்களா?" என்றார். "என் மச்சான் குடுக்கலம்மா" என்று உங்களைக் கைகாட்டினேன். "அடுத்தவங்க மாத்திரைய நீங்க ஏன் போட்டீங்க?" என்று அவர் கேட்டது வேறு விஷயம்.

உண்மையிலேயே பயந்துவிட்டேன் மச்சான். பேசாமல் இருந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அப்படி அழுதாள். ஆகவே முழுக் குற்றமும் உங்களுடையது. இனி வரும்போது பழம் மட்டும் கொண்டுவரவும்.

அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
கஞ்சி மட்டும் குடிக்கும் உங்கள் மச்சான்

பி.கு.: எழுத எழுத மேசை ஆடியது. அடுத்தவர் வீட்டு மேசையைத்தானே நான் சரிசெய்வேன்! காலுக்கு முட்டுக்கொடுத்திருந்த காகிதத்தை இன்னொரு மடிப்பு மடிக்கலாமென்று எடுத்தால், உங்கள் கையெழுத்து. மாத்திரைக் கவரில் இருந்த சீட்டாம், உங்கள் தங்கை சொன்னாள். அதில்: "சிவப்பு சாப்பிட்ட பிறகு, ஒன்றே ஒன்று, இரண்டே நாள். வெள்ளை வயிற்றைக் காக்க, சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால். அதற்குள் டாக்டரைப் பார்க்கவும்." வெள்ளை எங்கே என்று உங்கள் தங்கையைக் கேட்டேன். பேசாமல் இருந்த மூன்று நாளும் என்னால் அவளுக்கு வயிறு எரிந்ததாம், அவளே போட்டுத் தீர்த்துவிட்டாளாம். அவள் வயிறு பரம சௌக்கியம். மேலே உள்ளதைப் படித்தவுடன் நாலாக மடித்து, உங்கள் வீட்டில் எந்த மேசை ஆடுகிறதோ அதற்குக் கொடுத்துவிடவும்.